கோல்ட் டக்: ஒரு பழைய நுரை ஒயினின் பெயரைப் புரிந்துகொள்ளவும் தமிழில் எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் குடும்ப நினைவுகளைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 1971, புத்தாண்டு இரவு, டெட்ராய்ட் புறநகரில் ஒரு வீடு. கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா, சமையலறையில் அம்மா, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உறக்கத்தோடு மல்லுக்கட்டும் குழந்தைகள். பன்னிரண்டு மணி அடித்ததும் பெரியவர்களுக்குக் கோல்ட் டக் வருகிறது. கோல்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். டக் என்றாலும் தெரியும். எனவே அகராதியைத் தொடவில்லை. "மணி பன்னிரண்டு அடித்ததும் அம்மா ஆறிப்போன வாத்துக்கறியை எடுத்துவந்து பெரியவர்களுக்கு ஊற்றினாள்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

மெய்ப்பு பார்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை. அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, தாளின் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "தம்பி, வாத்தை எப்படி ஊற்றுவது?"

அந்தப் பென்சில் வரிக்குப் பதில் தேடப் போனபோது சேர்ந்தவைதாம் கீழே இருப்பவை. அவசரக்காரர்களுக்குச் சுருக்கமான விடை இது: கோல்ட் டக் என்பது சிவப்பு ஒயினையும் நுரைக்கும் ஒயினையும் கலந்து செய்யும் இனிப்பான, விலை மலிந்த ஓர் அமெரிக்கப் பானம். 1970-ஐ ஒட்டிய சில வருடங்கள் ஓகோவென்று விற்றது. பிறகு மவுசு போய், பழைய காலத்துச் சரக்கு என்ற பெயரை எடுத்தது. இதுவே போதும் என்பவர்கள் நேராக ஏழாம் படிக்குப் போகலாம். ஆனால் நடுவில் இருக்கும் வாத்துக் கதையைத் தவறவிடுவீர்கள்.

முதல் படி: பெயரை விட்டுவிட்டு வினையைப் பாருங்கள்

நான் செய்திருக்க வேண்டியது இதைத்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் பானமாகவும் இருக்கலாம், பறவையாகவும் இருக்கலாம். வறுத்த வாத்தைக் குளிரவைத்து மறுநாள் துண்டு போட்டுச் சாப்பிடும் வழக்கம் அங்கே உண்டு. ஆகவே வாத்துக்கறி என்ற மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் தவறு என்று சொல்ல முடியாது.

பக்கத்தில் இருக்கும் வினைச்சொல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஊற்றினார்கள், திறந்தார்கள், மூடி தெறித்தது, உறிஞ்சினாள் என்றால் பானம். அறுத்தார்கள், துண்டு போட்டார்கள், எலும்பை ஒதுக்கினார்கள் என்றால் பறவை. பரிமாறினார்கள் என்ற வினை மட்டும் இரண்டு பக்கமும் சாயும். அங்கே அளவுச் சொல்லைத் தேடுங்கள். பாட்டில், கிளாஸ், பெட்டி என்று வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய செய்தித்தாள்களும் நாவல்களும் சிறிய எழுத்திலும் அச்சிட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ஒரு' என்ற பொருளில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ' என்ற முன்னொட்டையும் முழுதாக நம்பாதீர்கள். பானத்தின் பெயர் வழக்கமாக அது இல்லாமல்தான் வரும், நாம் பால் வாங்கினேன் என்பதைப் போல. மதுக்கூடத்தில் ஒரு கிளாஸ் கேட்கும்போது மட்டும் நாம் "ரெண்டு காபி" என்பதுபோல அவர்களும் அந்த முன்னொட்டைப் போட்டுக் கேட்பார்கள்.

இரண்டாம் படி: வாத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பானத்தில் வாத்து கிடையாது. வாத்தோடு சேர்த்துச் சாப்பிடும் பானமும் இல்லை. பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்தது: கால்ட்டெ என்ட்டெ, குளிர்ந்த வாத்து.

ஜெர்மனியில் விருந்துகளுக்கு ஒயினையும் பழத்தையும் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து வைப்பார்கள். அந்த வகைக்குப் போலெ என்று பெயர். கால்ட்டெ என்ட்டெ அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, உள்ளே இருக்கும் கசப்பான வெள்ளைப் பகுதி ஒட்டாமல், நடுவில் அறுந்துபோகாமல், தோலை ஒரே நீளச் சுருளாகச் சீவ வேண்டும். சுருளின் ஒரு நுனியை ஜாடியின் விளிம்பில் மாட்டி மீதியை உள்ளே தொங்கவிட்டு, அதன்மேல் ரைன் அல்லது மோசல் ஆற்றங்கரையின் வெள்ளை ஒயினை ஊற்றி, குளிர்ச்சியான இடத்தில் கால் மணி நேரம்போல் விட்டுவிடுவார்கள். தோலில் இருக்கும் எண்ணெயின் வாசம் மெல்ல ஒயினில் இறங்கும். பரிமாறுகிற நேரத்தில்தான் நுரை ஒயின் சேர்ப்பார்கள். முன்கூட்டியே சேர்த்தால் நுரை செத்துவிடும். ஐஸ் கரைந்து ஒயின் நீர்த்துப்போகாமலிருக்க, நடுவில் தனிக் கண்ணாடிக் குழாய் வைத்த ஜாடிகள்கூட இதற்கென்று உண்டு. சிலர் எலுமிச்சை வாசம் வீசும் ஒரு புதினா வகை இலையையும் போடுவார்கள்.

நிறத்தைக் கவனியுங்கள். ஜெர்மன் வாத்து வெளிர் மஞ்சள். அமெரிக்க வாத்து சிவப்பு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பானங்கள் வேறு. ஜெர்மன் கதையில் வரும் வாத்துக்குச் சிவப்பு நிறம் பூசிவிட்டால் அதுவும் பிழைதான்.

சரி, எலுமிச்சை போட்ட ஒயினுக்கு ஏன் வாத்தின் பெயர்? பழங்கதை ஒன்று சொல்கிறார்கள். கதாநாயகர் சாக்சனியைச் சேர்ந்த இளவரசர் கிளெமென்ஸ் வென்ஸெஸ்லாஸ். 1739-இல் பிறந்தவர், ட்ரியர் நகரில் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த கடைசிப் பேராயர். விருந்து முடிந்ததும் பாட்டில்களின் அடியில் மிஞ்சியிருந்த ஒயின்களை எல்லாம் ஒன்றாகக் கொட்டி ஷாம்பெய்னோடு கலக்கச் சொன்னாராம். சாப்பாட்டின் இறுதியில் குளிர்ச்சியாக வந்ததால் அதற்குக் குளிர்ந்த முடிவு என்று பெயர். ஜெர்மனில் கால்ட்டெஸ் எண்டெ. இன்னொரு வடிவத்தில் மிச்சம் மீதி கிடையாது: எல்லோரும் விருந்தைச் சூடான காபியோடு முடிக்க, அவர் மட்டும் குளிர்ந்த ஒயினோடு முடித்தாராம். மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் பவேரிய வேட்டைக்காரர்கள் திறந்த பாட்டில் வீணாகக் கூடாது என்று எல்லாவற்றையும் கலந்து குடிக்கிறார்கள். மூன்றிலும் முடிவு ஒன்றுதான்: எண்டெ என்ற முடிவு நாளாவட்டத்தில் என்ட்டெ என்ற வாத்து ஆகிவிட்டது.

ஜெர்மனில் முடிவுக்கும் வாத்துக்கும் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். முடிவில் வருவது நாம் 'பண்டம்' என்பதில் தளர்த்திச் சொல்லும் ஒலி. வாத்தில் வருவது 'பட்டம்' என்பதில் அழுத்திச் சொல்லும் ஒலி. சாக்சனி வட்டாரப் பேச்சில் இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிடும்; அதனால் மற்ற ஜெர்மானியர்கள் அவர்களைக் கேலி செய்வதும் உண்டு. நம் எழுத்திலும் மூக்கொலிக்குப் பின்னால் வரும் டகரம் தானாகவே தளர்ந்துவிடும். முடிவு, வாத்து இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். கை தானாக இரண்டு முறையும் 'எண்டெ' என்றே எழுதியது. வாத்தைப் பிரித்துக் காட்ட வலிந்து ஒரு டகரமெய்யைச் செருக வேண்டியிருந்தது. நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஜெர்மானியர் நாக்கு வழுக்கிய இடத்தில் என் பேனாவும் வழுக்கியது.

பெயரடையிலும் ஒரு தடயம் இருக்கிறது. ஜெர்மனில் முடிவு அஃறிணைப் பால், வாத்து பெண்பால். ஆகவே குளிர்ந்த என்ற சொல்லும் கால்ட்டெஸ் என்பதிலிருந்து கால்ட்டெ ஆக வேண்டும். வெறும் உச்சரிப்புக் கோளாறு என்றால் இலக்கணம் இவ்வளவு ஒழுங்காக மாறியிருக்காது. யாரோ தெரிந்தே சிலேடை செய்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

ஜெர்மனில் செய்தித்தாளில் வரும் பொய்ச் செய்திக்கு 'செய்தித்தாள் வாத்து' என்று பெயர் என்பதையும் மறந்துவிட வேண்டாம். பிரெஞ்சிலும் அப்படியே, வாத்து என்பதற்கான கனார் என்ற சொல்லே புரளியையும் குறிக்கும். இளவரசர் கதையும் அந்த இனத்து வாத்தாக இருக்கலாம். நல்ல கதை என்பதால் சொல்லுங்கள். 'என்கிறார்கள்' என்ற வாலை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கடல் தாண்டுங்கள்

அமெரிக்காவில் மதுவிலக்கு 1920-இல் தொடங்கி 1933-இல் முடிந்தது. டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் கனடா. அந்தப் பதின்மூன்று வருடங்களும் இரவு நேரப் படகுகளில் என்னென்ன வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. விலக்கு நீங்கிய நான்காம் வருடம், 1937-இல், டெட்ராய்ட்டில் பான்ட்சார்ட்ரெய்ன் ஒயின் செல்லர்ஸ் என்ற உணவகத்தின் உரிமையாளர் ஹரால்ட் போர்க்மன் இந்த அமெரிக்கக் கலவையை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. உணவகத்தின் பெயரே பழசு: 1701-இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கட்டிய கோட்டையின் பெயர். பிரெஞ்சுக் கோட்டையின் பெயரை வைத்துக்கொண்ட ஓர் அமெரிக்கக் கடையில் ஜெர்மன் வாத்து முட்டையிட்டது.

போர்க்மன் எலுமிச்சையையும் இலையையும் விட்டுவிட்டார். கலிஃபோர்னியாவின் சிவப்பு ஒயினை நியூயார்க் மாநிலத்தின் நுரை ஒயினோடு சேர்த்தார். பல வருடங்கள் இது ஓர் ஊரின் ஓர் உணவகத்துப் பெருமையாகவே இருந்தது. 1960-களில் மிச்சிகன், நியூயார்க், கலிஃபோர்னியா ஒயின் ஆலைகள் கலவையைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியதும் வாத்து நாடெங்கும் பறந்தது. கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் 1933-இல் தொடங்கிய காலோ நிறுவனம் ஆன்ட்ரே என்ற தன் மலிவு நுரை ஒயின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டது.

ஏன் அவ்வளவு விற்றது? அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் ஒயின் குடித்து வளர்ந்தவர்கள் அல்லர். கோலாவும் பீரும் குடித்து வளர்ந்தவர்கள். துவர்க்கும் சிவப்பு ஒயின் அவர்கள் நாக்குக்கு ஒத்துவரவில்லை. சர்க்கரை துவர்ப்பை மறைத்தது. குமிழி சோடாவை நினைவூட்டியது. தங்கத் தாள் சுற்றிய பாட்டில் ஷாம்பெய்ன் வாங்கிய பெருமையைத் தந்தது. விலையோ கையைக் கடிக்கவில்லை. சில தயாரிப்புகளில் கான்கார்டு திராட்சையும் சேர்ந்தது. 1849-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எஃப்ரெய்ம் புல் என்பவர் வளர்த்தெடுத்த வகை அது. அமெரிக்கக் குழந்தைகள் ரொட்டியில் பூசிச் சாப்பிடும் திராட்சை ஜெல்லியின் வாசம் அந்தப் பழத்துக்கு உண்டு. பிள்ளைப் பருவத்து வாசம், கூடவே கொஞ்சம் போதை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970-களில் இதே பெயரில் பானங்கள் விற்றன. எனவே கதை சிட்னியில் நடந்தாலும் வாத்தைக் கண்டால் உஷாராக இருங்கள்.

நான்காம் படி: பாட்டிலில் உள்ள மற்றப் பெயர்களையும் சோதியுங்கள்

பழைய கோல்ட் டக் பாட்டிலைப் பற்றிய விவரிப்பில் ஷாம்பெய்ன் என்றும் பர்கண்டி என்றும் சொற்கள் வரும். இரண்டும் பிரான்ஸ் நாட்டு வட்டாரங்களின் பெயர்கள். ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது பிரான்ஸைப் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில் அப்போது மலிவான சிவப்பு ஒயினுக்கெல்லாம் பர்கண்டி என்றும் நுரைத்ததற்கெல்லாம் ஷாம்பெய்ன் என்றும் பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம் இப்படி ஊர்ப் பெயரைத் திருடக் கூடாது என்று ஜெர்மனியின் கையைக் கட்டிப்போட்டது. அமெரிக்காவின் செனட் சபை அந்த ஒப்பந்தத்தை ஏற்கவேயில்லை. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்பாடு வந்தது. அதன் பிறகும், முன்பே அந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருந்த அமெரிக்க நிறுவனங்கள் கலிஃபோர்னியா ஷாம்பெய்ன் என்று தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

வாத்து இல்லாத வாத்து, நியூயார்க்கின் ஷாம்பெய்ன், கலிஃபோர்னியாவின் பர்கண்டி. அந்தப் பாட்டிலில் எதுவும் சொந்தப் பெயரில் இல்லை. இது மொழிபெயர்ப்பவருக்கு ஏன் முக்கியம் என்றால், அடிக்குறிப்பில் 'பிரெஞ்சு ஷாம்பெய்ன் கலந்த பானம்' என்று எழுதினால் அந்தத் தொழிலாளியின் வீட்டை ஒரே வரியில் மாளிகை ஆக்கிவிடுவீர்கள்.

பெயர் பிசகுவது இந்தத் தொழிலில் புதிதில்லை. ஜெர்மானியர் தங்கள் நுரை ஒயினை ஸெக்ட் என்கிறார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1825-இல் பெர்லினில் லுட்விக் டெவ்ரியன்ட் என்ற நடிகர், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் குடிப்பிரியர் ஃபால்ஸ்டாஃபின் வேடம் கட்டிய மிதப்பில், வழக்கமாகப் போகும் லுட்டர் உண்ட் வெக்னர் ஒயின் கடைக்குள் நுழைந்து, நாடக வசனத்திலேயே ஸெக்ட் கொண்டுவா என்று அதட்டினாராம். ஷேக்ஸ்பியர் சொன்னது ஸ்பெயினிலிருந்து வந்த ஷெர்ரி வகை ஒயினை. பரிசாரகரோ அவர் தினமும் குடிக்கும் ஷாம்பெய்னைக் கொண்டுவந்து வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் படி: யார் வாயில், எந்தக் காலத்தில் என்று கேளுங்கள்

அகராதி பொருளைச் சொல்லும், தொனியைச் சொல்லாது. கோல்ட் டக்குக்கு மூன்று காலங்களில் மூன்று தொனிகள் இருந்திருக்கின்றன.

1940-களில் டெட்ராய்ட்காரர் ஒருவர் சொன்னால் அது உள்ளூர்ப் பெருமை. 1970 வாக்கில் யார் சொன்னாலும் கொண்டாட்டம்: திருமணம், பதவி உயர்வு, புத்தாண்டு, நன்றி நவிலும் நாள் விருந்து. வீட்டில் ஒயின் வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் 'இன்றைக்கு விசேஷம்' என்று காட்டுவதற்கு வாங்கியது. அடுத்த பத்து வருடங்களில் அமெரிக்கர்கள் திராட்சை வகைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு, இனிப்பு ஒயினை ஏளனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1980-களுக்குப் பிறகு எழுதும் ஒருவர் தன் மாமா கோல்ட் டக்கோடு வந்தார் என்றால் அதில் லேசான சிரிப்பு இருக்கும். மாமா காலம் தெரியாதவர், கையில் காசு குறைவு, ஆனால் மனதில் குறை வைக்காதவர். இந்த மூன்றையும் ஒரே பெயர் சொல்லிவிடும்.

நகைச்சுவையா பாசமா என்பதைப் பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எதில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். வாயகன்ற தட்டைக் கோப்பை வந்தால் எழுத்தாளர் அந்தக் காலத்தை ஆசையோடு நினைக்கிறார். பிளாஸ்டிக் மூடி வந்தால் கிண்டல் நெருங்குகிறது. மலிவான அமெரிக்க நுரை ஒயின்களுக்குத் தக்கைக்குப் பதில் பிளாஸ்டிக் மூடிதான் வரும். மறுநாள் தலைவலி வந்தால் கிண்டலேதான்.

ஆறாம் படி: மற்ற வாத்துகளையும் பறவைகளையும் விலக்குங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்ட் டர்க்கி, சொல்லுக்குச் சொல் பார்த்தால் குளிர்ந்த வான்கோழி, என்பது வேறு. புகையையோ மதுவையோ படிப்படியாகக் குறைக்காமல் ஒரே நாளில் விட்டுவிடுவது. ஒருவர் 'கோல்ட் டர்க்கி'யில் இருக்கும்போது அவர் கையில் 'கோல்ட் டக்' கொடுப்பது ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும் நகைச்சுவை. தமிழில் தானாக வராது, வலிந்து கொண்டுவர வேண்டாம். லேம் டக் என்பது பதவிக்காலம் முடியப் போகும் அரசியல்வாதி. கிரிக்கெட்டில் வாத்து என்றால் பூஜ்யம். இவற்றில் எதுவும் நம் பானத்துக்கு உறவில்லை.

ஏழாம் படி: தமிழில் எழுதுங்கள்

இனிதான் உண்மையான வேலை. முதல் சிக்கல், ஸ்பார்க்ளிங் ஒயின் என்ற பொதுப் பெயர். மின்னும் ஒயின், ஒளிரும் ஒயின் என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலுக்குள் மின்மினிப் பூச்சியை அடைத்ததுபோல் இருக்கிறது. மின்னுவது ஆங்கிலத்தின் கண்ணுக்கு மட்டும்தான். இத்தாலியர் ஸ்புமான்தே என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் மூஸ்ஸே என்கிறார்கள், ஜெர்மன் சட்டமொழியில் ஷௌம்வைன். மூன்றிலும் பொருள் நுரைதான். ஆகவே நுரை ஒயின் என்று நாமும் எழுதலாம். சோடாவைப் பார்த்த நம் கண்ணுக்கும் அது பொருந்துகிறது. தேறல் என்று எழுத வேண்டும் என்பார் ஒரு நண்பர். யவனர் கப்பலில் கொண்டுவந்த ஒயினுக்குச் சங்கப் புலவர்கள் எடுத்த சொல் அது, அழகான சொல். ஆனால் ஃபோர்டு தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து வந்தவர் தேறல் அருந்தினார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, பெயரை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா? குளிர்வாத்து என்று ஒரு சொல்லை உண்டாக்கிப் பார்த்தேன். ஜெர்மன் சிலேடையைப் பற்றிய கட்டுரை என்றால் அது உதவும். கதைக்குள் வைத்தால் வாசகர் கறியைத்தான் நினைப்பார். மறுபடியும் பென்சில் வரி வரும். பெயர் பெயராகவே இருக்கட்டும், ஒலிபெயர்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் ஒலிபெயர்த்ததும் அடுத்த பள்ளம். 'கோல்ட் டக்' என்று தமிழில் எழுதிப் படித்துப் பாருங்கள். கோல்ட் லோன், கோல்ட் காயின் என்று விளம்பரம் பார்த்துப் பழகிய கண் அதைத் தங்கம் என்றே படிக்கும். கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் முதல் பந்திலேயே ஆட்டமிழக்கும் 'கோல்டன் டக்' நினைவுக்கு வந்துவிடும். டக் என்பதும் சட்டையை டக் செய்வதாகலாம், 'டக்கென்று' என்பதாகலாம். ஜெர்மனியில் முடிவை வாத்தாக்கிய அதே ஒலித் தளர்ச்சி இங்கே குளிரைத் தங்கமாக்குகிறது. நம் எழுத்துமுறையின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். அது தமிழ் ஒலிகளுக்காக அமைந்தது. விருந்தாளிச் சொல்லுக்கு நாம்தான் நாற்காலி போட வேண்டும்.

நாற்காலி என்றால் இதுதான்: பெயர் முதல்முறை வரும் இடத்தில், அதே வாக்கியத்துக்குள், கதையின் ஓட்டம் கெடாமல் ஓர் அடையாளம். "கோல்ட் டக் என்ற இனிப்பான சிவப்பு நுரை ஒயின்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அடுத்த தடவையிலிருந்து வெறும் கோல்ட் டக். வாசகர் நினைவில் வைத்துக்கொள்வார். அவரை மட்டம்தட்டி ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டாம். அடைப்புக்குறியும் வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம். அடிக்குறிப்பு ஒயினைவிடச் சீக்கிரம் நுரையைக் கொன்றுவிடும்.

மூன்றாவது, சுற்றியுள்ள சொற்கள். தமிழில் மதுவைப் பற்றி எழுதும்போது நம்மை அறியாமல் அறத்தொனி ஏறிவிடும். மது அருந்தினார் என்றால் குற்றப் பத்திரிகை. சரக்கடித்தார் என்றால் தெருமுனை. அந்த அம்மா செய்தது இரண்டும் இல்லை. அவள் விசேஷத்துக்கு ஒரு பாட்டில் வாங்கிவைத்தாள், அவ்வளவுதான். நம் வீட்டில் தீபாவளிக்குக் கடை இனிப்புப் பெட்டி வாங்குவதுபோல. அந்தத் தொனியில் 'வாங்கிவந்தாள்', 'ஊற்றினாள்', 'குடித்தார்கள்' என்ற சாதாரண வினைகளே போதும்.

மலிவு என்பதையும் சொல்லாமல் காட்ட வேண்டும். 'மலிவான' என்ற அடைமொழியை நீங்களே ஒட்டினால் அம்மாவைக் கேலி செய்தவர் ஆகிவிடுவீர்கள். மூலத்தில் மகள் அப்படிச் செய்யவில்லை. பிளாஸ்டிக் மூடி என்று மூலத்தில் இருந்தால் அதை விடாமல் எழுதுங்கள். மற்றது தானாக நடக்கும்.

என் வரியின் கடைசி வடிவம் இது: "மணி பன்னிரண்டு அடித்ததும் அம்மா, அந்த வாரம் முழுக்க ஐஸ்பெட்டியின் பின்வரிசையில் ஒளித்துவைத்திருந்த கோல்ட் டக் என்ற இனிப்பான சிவப்பு நுரை ஒயினை எடுத்துவந்து, பெரியவர்களுக்கு மட்டும் ஊற்றினாள்." ஒளித்துவைத்தது மூலத்தில் இருந்ததுதான். வாத்துக்கறி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அது வேண்டாத விவரம் என்று விட்டுவிட்டிருந்தேன்.

திருத்திய பக்கங்களை அந்தத் தமிழாசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இளவரசர் கதையைச் சொன்னேன். எண்டெ, என்ட்டெ என்று தாளில் எழுதிக் காட்டினேன். "நம்மூரில் இதைவிட மோசமாக மாறிய சொற்கள் நிறைய உண்டு தம்பி" என்று சிரித்துவிட்டு, மீதிப் பக்கங்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு வாரம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. பதினொன்றாம் அத்தியாயத்தில், பாட்டி இறந்த மறுநாள், உறவினர்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடும் இடத்தில், இன்னொரு பென்சில் வரி: "இங்கே கத்தியால் அறுக்கிறார்கள். இது வாத்துதான். ஒயின் என்று மாற்றிவிடாதீர்கள்."